கேட்டைத் தாண்டாத ஐந்து சோறு

கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் இன்றைக்கு நான் நுழைந்தால் சீனக் கடை முதலாளி, தவுக்கே, எழுந்து நாற்காலி இழுத்துப் போடுகிறார். சொந்த லோரி, சொந்த வீடு, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் செம்பனை நிலம், எல்லாம் இந்தக் கையால் சேர்த்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே கடைத்தெருவில் ஒரு பால் டின் வாங்கத் தெரியாமல் நான் கத்திக்கொண்டு நின்ற நாளும் உண்டு.

அப்போது அவசரகாலம். கம்யூனிஸ்ட்காரர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்தார்கள். அவர்கள் வயிற்றுக்குள் எதுவும் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் அரிசிக்குக் காவல் போட்டிருந்தது. ஊரில் கப்பலேறும்போது இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. மலாயா என்றால் ரப்பர், வெள்ளிக் காசு, கொஞ்ச வருஷத்தில் ஊரில் கல்வீடு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது அசாம் ஜாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. உள்ளே போக, வெளியே வர ஒரே கேட்டு. சாயங்காலம் கேட்டை அடைத்தால் மறுநாள் விடிகிறவரை திறக்க மாட்டார்கள். எனக்குக் கொடுத்த அறை லயத்தின் கடைசி. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார்கள், பாதி வார்த்தை மலாய் மொழியாக இருக்கும், ஒரே நேரத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி. பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் ஊரில் தூக்குச்சட்டி இல்லாமல் வயலுக்குப் போகிறவனைப் பார்த்தால், பாவம், வீட்டில் கேட்க ஆளில்லாதவன் என்பார்கள். இங்கே எல்லாரும் வெறுங்கையோடுதான் போனார்கள். ஆனால் அவர்கள் திரும்பி வந்தால் அடுப்பில் பானை இருக்கும். நான் வந்துதான் என் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

கேட்டில் நின்றவர் ஒரு மலாய்க்காரர், ஸ்பெசல் போலீஸ். என் அப்பாவைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'தம்பி'. "தம்பி, சினி" என்பார், இங்கே வா என்று. இடுப்பு, மடி, தலைத்துண்டு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். எனக்கு முதலில் ரோசமாக இருந்தது. நானாவது, திருடனாவது! கொஞ்ச நாளில் வேறு ஒன்று தோன்றியது. முழு நாளில் என்னைத் தொட்ட ஆள் அவர் ஒருவர்தான். என்னைத் தம்பி என்று கூப்பிட்டவரும் அவர்தான்.

இந்த நாட்டில் எனக்கென்று ஒரே ஒரு உறவு இருந்தது. சித்தப்பா மகள். சித்தப்பா யுத்தத்துக்கு முன்னாலேயே குடும்பத்தோடு கப்பலேறியவர். ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. சித்தியும் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிள்ளையை லயத்துக்காரர்களே வளர்த்துப் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருப்பதாக ஊருக்குச் சேதி வந்திருந்தது. கைக்குழந்தையாய் இருக்கும்போது பார்த்தது. முகம் ஞாபகமில்லை. "போனா அவளப் பாருடா, நம்ம ரத்தம் அங்க அது ஒண்ணுதான்" என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

ஒரு லீவு நாளில் புறப்பட்டேன். முதல்முறை பார்க்கப் போகிறவன் கையில் ஏதாவது வேண்டாமா? கோலா சிலாங்கூருக்குப் போய் ஒரு சீனர் கடையில் பால் டின்னைக் கைகாட்டினேன். தவுக்கே டின்னை எடுத்து மேசையில் வைத்தார். ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. மூடியில் ஓட்டை! வெள்ளையாகப் பால் எட்டிப் பார்த்தது.

"என்னய்யா இது? ஓட்டை டின்ன எவன் வாங்குவான்? வேற குடு!"

அவருக்கு என் தமிழ் தெரியாது. இன்னொரு டின்னை எடுத்தார். அதிலும் ஓட்டை போடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடையில் சாமான் வாங்க வந்திருந்த ஒரு தமிழ் அம்மா வாயில் வெற்றிலையோடு சிரித்தாள்.

"ஊர்லேர்ந்து புதுசா வந்தியா? விடு அவன. ஓட்டை போடாம வித்தா கடைய மூடிப்புடுவானுங்க. முழு டின்னுன்னா காட்டுக்குப் போயிரும்லா. ஓட்டை இருந்தா ரெண்டு நாள்ல கெட்டுப்போகும், எவனும் ஒளிச்சு வைக்க முடியாது. வாங்கிட்டுப் போயி சீக்கிரம் குடி."

"எனக்கில்லக்கா, தங்கச்சிக்கு."

"அப்ப ஓட்டைய கட்டைவிரலால அடைச்சுக்கிட்டுப் போ."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் அப்படியேதான் போனேன். பஸ்ஸில் பத்தாங் பெர்ஜுந்தாய்வரை கட்டைவிரலை எடுக்கவில்லை. மணிக்கட்டு வழியாகப் பால் ஒழுகிச் சட்டைக் கைக்குள் போனது, ஈ மொய்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். தங்கச்சியின் தோட்டத்துக் கேட்டில் டின்னைத் திருப்பிப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தது, விட்டுவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் கெட்டதே இதனால்தான்.

தங்கச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. நான் இன்னார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் முகம் தெரியாதே. கொஞ்சம் பொறுத்து, "எங்கப்பா இப்படித்தான் இருந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சித்தப்பா என்னைவிடக் கறுப்பு, உயரமும் குறைவு. இருந்தாலும் ஆமாம் என்றேன்.

அவள் மாமியார் வாயாடி. டின்னை வாங்கி ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள்.

"பொறந்த வீட்டுச் சீரு நல்லாத்தான் இருக்கு. சோறு போடற மாசம் வருது. எங்க வீட்டு மருமக எவளும் பொறந்த வீட்டுச் சோறு திங்காம பெத்ததில்ல. இவளுக்கு எவரு கொண்டாரப் போறா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த வீட்டார் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், எள், தயிர். அவர்கள் அடுப்பில் ஆக்கி, அவர்கள் கையால் கொண்டுபோய் இலையில் வைக்க வேண்டும். அதைத் தின்ற பிறகுதான் பிரசவம். பணக்காரன் ஏழை பேதமில்லை. இது இல்லாவிட்டால் அவள் ஆளில்லாதவள் என்று அர்த்தம். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீறாப்பு. "அண்ணன்னு நான் ஒருத்தன் இருக்கறப்ப என்ன கவலை? ஒம்பதாம் மாசம் அஞ்சு வகைச் சோத்தோட வந்து நிக்கிறேன். லயத்துக்கே போடலாம்!" என்றேன்.

மாமியார் தன் மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். "பாக்கலாம், பாக்கலாம்" என்று அவள் சிரித்தாள். தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. ஏழை என்று சிரிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இருக்கட்டும், காட்டுகிறேன் என்று வந்தேன்.

அன்று முதல் என் அரிசியில் பாதியை ஒதுக்கினேன். அரிசி அளந்துதான் கொடுப்பார்கள், தனி ஆளுக்கு அதுவே மட்டுமட்டு. மீதி வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு. சாமான் வாங்கப் போனால் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. எலுமிச்சம்பழம் கேட்டேன், மலாய்க்காரி கோலிக்குண்டு அளவில் பச்சைக் காயை அள்ளிப் போட்டாள். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறம். இது என்ன ஏமாற்று என்று திருப்பிக் கொண்டுபோனேன். அவளும் ஒரு காயை வெட்டி நாக்கில் வைத்துக் காட்டினாள், புளிப்பாய் முகத்தைச் சுளித்தாள், நானும் சுளித்தேன். கஸ்தூரிக் காயாம். அதற்குள் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எள் கிடைப்பதற்குள் கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பேர் தெரியாமல் விரல் நுனியைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். ஒருவர் ஊசி எடுத்துக் காட்டினார், இன்னொருவர் குன்றிமணி. கடைசியில் நானே ஒரு மூட்டைக்குள் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஊரில் அம்மா எள் எங்கே வாங்கினாள் என்றுகூடக் கவனித்ததில்லை நான். அப்படி இருந்தவன்.

வேலையை மேய்க்கிற மண்டோரிடம் அடுக்குத் தூக்கு இரவல் கேட்டேன்.

"தனிக்கட்டைக்கு எதுக்குடா அஞ்சு அடுக்கு?"

"சும்மா இருக்கட்டுமே அண்ணே."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே தடுத்திருப்பார். எதையும் எவரிடமும் கேட்டுச் செய்வது எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. அதனால்தான் முன்னேறினேன் என்று சொல்வேன். ஆனால் அன்றைக்குக் கேட்டுக்கொள்ள எனக்கு ஆளும் இல்லை.

நான் போட்ட கணக்கு இது. காட்டோரம் பால் வெட்டப் போகிறவனுக்குத்தான் சோற்றுத் தடை. நான் போவது பஸ் ஏறி இன்னொரு தோட்டத்துக்கு. அதோடு, ஓட்டை டின்னை ஏன் விட்டார்கள்? கெட்டுப்போகிற சாமான் என்றுதானே? ஆக்கின சோறு ஒரு பொழுதுகூடத் தாங்காதே. பிறகு எதற்குத் தடுக்கப் போகிறார்கள்? நல்ல கணக்கு. பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் வாத்தியார் மெச்சியிருப்பார்.

சோறு போடக் குறித்திருந்த நாள் விடிகாலையில் எழுந்து ஆக்கினேன். நான் அதுவரை கஞ்சிக்கு மேல் எதுவும் ஆக்கியவனில்லை. அம்மா அடுப்படியில் என்ன செய்தாள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்து நினைத்துச் செய்தேன். புளிச்சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. எள்ளுச்சோறு மணத்தது பாருங்கள், பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். முதல்முறையாக என் அறைக்குள் ஒருவர் எட்டிப் பார்த்தார்! "என்னப்பா விசேசம்?" என்றார். "தங்கச்சிக்குச் சோறு போடறேன்" என்றேன் மிதப்பாக. "கேட்டுல..." என்று அவர் ஆரம்பித்தார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டேன். பஸ் வந்துவிடுமே.

கேட்டில் நம்ம மலாய்க்காரர்தான். தூக்கைப் பார்த்ததும் முகம் மாறியது. திறக்கச் சொன்னார். ஒவ்வொரு அடுக்காகத் திறந்தேன். "நாசி" என்றார், சோறு என்று. "தக் போலே, தம்பி." கூடாது. பக்கத்தில் பிடிபட்ட உணவைக் கொட்டிச் சுண்ணாம்பு போடும் குழி ஒன்று இருந்தது. அதைக் கைகாட்டினார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் தங்கச்சி, வயிறு, பிள்ளை என்று கையை வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டார், அதுதான் கொடுமை. "அடெக்?" என்று கேட்டார், தங்கச்சியா என்று. ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். மறுபடி தக் போலே. திரும்பிப் போகிறேன் என்றேன், அதுவும் கூடாது. பிடிபட்ட சோறு, அதோடு வெள்ளைக்காரச் சார்ஜண்டு வருகிற நேரம், வந்து பார்த்தால் எனக்கு ஸ்டேஷன், அவருக்கு வேலை போகும். இப்படித்தான் அவர் கையாலும் கண்ணாலும் சொன்னார். பிறகு மணல்மூட்டையைத் தட்டினார்.

"மாக்கான் சினி."

இங்கேயே தின்னு.

கொட்ட மனம் வரவில்லை. உட்கார்ந்தேன். என் தங்கச்சி வயிற்றுப் பிள்ளைக்கு என்று ஆக்கிய சோற்றை முள்கம்பியோரம், மணல்மூட்டை மேல், தனியாக உட்கார்ந்து தின்றேன். புளி. தேங்காய். எலுமிச்சை. வேகவேகமாக அள்ளிப் போட்டேன். அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தகர மங்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "பெலான், பெலான்" என்றார், மெதுவாக என்று. நானும் மெதுவாகத் தின்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, ஒருத்தர் பக்கத்தில் நின்று பார்க்க நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதை அப்போதே உணர்ந்தேன், அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று நினைக்கிறேன். அவர் காரம் என்று எண்ணித் தண்ணீரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். எள்ளுச்சோற்றில் பாதியும் தயிர்ச்சோறும் முடியவில்லை. குழிக்குப் போயிற்று.

போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். மடியில் வெறும் தூக்கு கடகடவென்று ஆடியது.

தங்கச்சி வீட்டு வாசலில் லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவளை மணையில் உட்கார வைத்து வளையல் போட்டிருந்தார்கள், முன்னால் இலை வெறுமையாக விரித்திருந்தது. மாமியார் என்னைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள், வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"என்ன சம்பந்தி, சோறு எங்க?"

"கேட்டுல..." என்றேன்.

"கொட்டிப்புட்டானுங்களா?"

"திங்கச் சொன்னாங்க. தின்னுட்டேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லயமே குலுங்கியது. "பிள்ளைத்தாய்ச்சி சோத்த அண்ணங்காரன் தின்னுட்டானாம்! இனி அவனுக்குத்தான் வலி எடுக்கும்!" என்றாள் ஒருத்தி. நான் தூணோடு தூணாக நின்றேன்.

தங்கச்சி சிரிக்கவில்லை. "அண்ணே, இங்க வா. கைய குடு" என்றாள். குனிந்து நீட்டினேன். என் வலதுகையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"புளி. தேங்கா... எள்ளு வறுத்திருக்க, கொஞ்சம் தீஞ்சிருச்சு. இது எலுமிச்ச இல்ல, கஸ்தூரிக் காய்" என்றாள்.

"தயிரும் இருந்துச்சும்மா. அது குழிக்குப் போயிருச்சு."

"எனக்குத் தெரியும்ணே, கேட்டத் தாண்டாதுன்னு. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

அவள் என் கையை விடவில்லை. "சொல்ல வாயெடுத்தேன். எனக்காக ஒருத்தர் சோறு கொண்டாறேன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல. அதையே நெனச்சுக்கிட்டு நாள ஓட்டிரலாம்னு இருந்துச்சு. சொன்னா நீ வராமப் போயிட்டீன்னா?"

இன்றைக்கு மேடையில் ஏறினால் இறங்க மாட்டேன் என்று என் பிள்ளைகளே கேலி செய்வார்கள். அன்று தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாமியார் முந்தானையை இடுப்பில் செருகினாள். "சரி சரி, அழுது வழியாதீங்க. வராதுன்னு தெரிஞ்சு அரிசி களைஞ்சு வச்சிருக்கேன். எங்க அரிசிதான், ஆனா கை ஒங்க கையா இருக்கட்டும். வா, வந்து கிண்டு" என்று அகப்பையை என்னிடம் நீட்டினாள்.

அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். உலை கொதித்து அரிசி போட்டு, இரண்டு கிண்டு கிண்டியிருப்பேன். தங்கச்சி புருஷன் உள்ளே வந்து, "மச்சான், கடைசி பஸ்ஸு" என்றான். அதை விட்டால் கேட்டு அடைத்துவிடுவார்கள். ஊரடங்கில் வெளியே நின்றால் சுடுவார்கள். சோறு பாதி வேக்காட்டில் இருந்தது. அகப்பையை மாமியார் கையில் கொடுத்தேன். என் தங்கச்சி இலையில் அந்தச் சோறு விழுந்ததை நான் பார்க்கவில்லை.

வாசல்வரை மாமியார் வந்தாள். வெறும் தூக்கை என் கையில் மாட்டினாள்.

"பேரு வைக்கிறதுக்கு நீதான் வரணும். தாய்மாமன் இல்லாம எங்க வீட்ல தொட்டில் கட்ட மாட்டோம். சொல்லிட்டேன்." படி இறங்கியவனை மறுபடி கூப்பிட்டாள். "ஏய்யா, வெறுங்கையோடவே வா!"

பஸ்ஸில் என்னோடு இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தன, ஒன்றைப்போலவே ஒன்று. இந்நேரம் சோறு இறக்கியிருப்பார்கள், இந்நேரம் புளி கலந்திருப்பார்கள், இந்நேரம் அவள் வாயில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். காலையில் தின்றது எப்போதோ செரித்துவிட்டது. அறையில் மரவள்ளிக்கிழங்குகூட இல்லை. இருந்த அரிசி முழுவதையும்தான் காலையில் ஆக்கிவிட்டேனே.

கேட்டை அடைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவரே நின்றார். தூக்கைத் திறந்து பார்த்தார், காலி. இடுப்பைத் தடவினார், முதுகில் தட்டினார். வழக்கமாக அதோடு அனுப்பிவிடுவார். அன்று அனுப்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மலாய்க்காரர்கள் எதிரே வருகிற எவரையும் கேட்பதுபோலக் கேட்டார்.

"சுடா மாக்கான், தம்பி?"

சாப்பிட்டாயா என்று.

"சுடா" என்றேன். சாப்பிட்டாயிற்று.

பின்னால் கேட்டை இழுத்து அடைத்தார். நான் கடைசி அறையைப் பார்த்து நடந்தேன்.